காபுகி (ஜப்பானிய நாடக மரபு) நடிகர்களின் மரக்கட்டை அச்சுப் படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: படத்தில் இருக்கும் நடிகர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பார்ப்பதற்கு முன் உடையைப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் கொண்ட சின்னம் இருந்தால் பெரும்பாலும் இச்சிகாவா தஞ்சூரோ என்ற நடிகர் பரம்பரை. பழைய படங்களில் எல்லா நடிகருக்கும் ஏறக்குறைய ஒரே முகம்தான். 1760-களில் ஓவியர் கத்சுகாவா ஷுன்ஷோ வந்த பிறகுதான் ஆளுக்கு ஆள் மூக்கும் தாடையும் மாறின.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அசலா? என்ன விலை போகும்?

விலை நான் சொல்வதில்லை. பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இயந்திர அச்சு. கையால் தேய்த்து அச்சிட்டதென்றால் வண்ணம் ஊறிப் பின்பக்கமும் தெரியும். ஆனால் பிற்காலத்தில் புதிதாகக் கட்டை செதுக்கி அச்சிட்ட பிரதிகளிலும் அப்படித்தான் ஊறும். தாளைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதுவரை வெளிச்சம் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

கேள்வி: ஓவியர் ஷராக்குவின் எதொபெய் படத்தில் கைகள் ஏன் அப்படி இருக்கின்றன?

நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் படம் அது. 1794 மே மாதம், எதோ நகரின் (இன்றைய டோக்கியோ) கவராசகி அரங்கில் நடந்த நாடகம். நடிகர் மூன்றாம் ஓதானி ஒனிஜிக்கு எதொபெய் வேஷம்: இப்பெய் என்ற பணியாளிடம் இருக்கும் பணத்தைப் பறிக்க வரும் அடியாள். கழுத்து முன்னால் நீள்கிறது, வாய் இறுகுகிறது, உடையின் மார்புப் பிளவிலிருந்து இரண்டு கைகளும் விரல் விரித்து வெளியே வருகின்றன. முகத்தோடு ஒப்பிட்டால் கைகள் சின்னவை. உடற்கூறுப்படி தப்புதான். ஆனால் பாயப்போகும் அந்த நொடி அந்த விரல்களில்தான் இருக்கிறது. பின்னணியில் மேடை இல்லை, அப்ரகத் தூள் கலந்த கருமை மட்டும். தாளைச் சற்றுச் சாய்த்தால் மினுங்கும். இதைப் போட்டோவில் பார்க்கவே முடியாது. இப்பெய் வாளை உருவும் படம் தனியாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஷராக்கு என்ற பெயரில் வரைந்தது புகழ்பெற்ற ஓவியர் ஹொகுசாய்தானாமே?

இல்லை. அவா பகுதியின் பிரபுவிடம் பணிசெய்த நோ (ஜப்பானின் இன்னொரு பழைய நாடக மரபு) நடிகர் சாய்தோ ஜூரோபெய்தான் அவர் என்று 1844-இல் சாய்தோ கெஷ்ஷின் என்ற எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார்.

கேள்வி: ஐம்பது வருஷம் கழித்து எழுதிய ஒரு குறிப்பை எப்படி நம்புவது?

நல்ல கேள்வி. அதை மட்டும் வைத்து நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் ஜூரோபெய் கற்பனை ஆள் அல்ல. 1820-இல் 58 வயதில் இறந்தார் என்று கொஷிகயாவில் உள்ள கோயிலின் இறப்புப் பதிவேட்டில் இருக்கிறது. ஹொகுசாய் கட்சிக்கு இப்படி ஒரு தாளாவது உண்டா? பத்து மாதத்தில் 140-க்கு மேல் படங்கள் போட்டுவிட்டு ஒருவர் மறைந்தால், பெரிய பெயர் ஒன்றை அவர்மேல் ஒட்டிவிடத் தோன்றுகிறது. ஒரு நோ நடிகருக்கு அந்தக் கண் இருந்திருக்காது என்று நினைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கேள்வி: மாமா ஜப்பானிலிருந்து வாங்கி வந்த படம், விலை என்ன இருக்கும்?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: லேமினேட் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். செல்லோடேப்பும் வேண்டாம். வெளிச்சமும் வேண்டாம்: செங்குசும்பாப் பூவிலிருந்து எடுத்த சிவப்பு வெளிறினால் திரும்ப வராது.

கேள்வி: என்னிடம் உள்ள படத்தில் நடிகர் வெளிர்நீல உடையில், கையில் ஜெபமாலையோடு இருக்கிறார். என்ன வேஷம்?

வேஷம் இல்லை, அஞ்சலிப் படமாக இருக்கும். நடிகர் இறந்ததும் அவசரமாக அச்சிட்டு விற்பார்கள். 1854-இல் எட்டாம் தஞ்சூரோ ஒசாகாவில் தற்கொலை செய்துகொண்டபோது இப்படி ஏராளமாக வந்தன. ஓரத்தில் இறந்த தேதியும் கோயில் பெயரும் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.