கேமில் வேறு பெயரில் வரும் துப்பாக்கி நிஜத்தில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயரை நம்பாதீர்கள். பழைய கவுண்டர்-ஸ்டிரைக்கில் ஏகே-47க்குப் பெயர் சிவி-47, டெசர்ட் ஈகிளுக்கு நைட் ஹாக். ஸ்கோப், சைலன்சர் எல்லாம் கழற்றி மாட்டுபவை, அவற்றையும் விடுங்கள். மேகசின் எங்கே செருகப்படுகிறது, போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் உலோகத் துண்டு) இழுக்கும் கைப்பிடி எங்கே, காலி உறை எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று பாருங்கள்.

மேகசின் டிரிகருக்குப் பின்னால் இருந்தால் அது புல்பப். நம் சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், எஸ்ஏஆர் 21 அந்த வகைதான். பேட்டில்ஃபீல்ட் 4-இல் அது சொந்தப் பெயரிலேயே இருக்கிறது. இருந்தும் ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஏயூஜி-யோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டிலும் உள்ளிருக்கும் தோட்டா தெரியும் மேகசின், இரண்டிலும் கூடவே வரும் 1.5 மடங்கு ஸ்கோப். இழுக்கும் கைப்பிடி காட்டிக்கொடுத்துவிடும்: ஏயூஜி-யில் இடப்பக்கம், முன்னால். எஸ்ஏஆர் 21-இல் மேலே, ஸ்கோப்புக்கு அடியில். ஏயூஜி-யின் முன்பக்கம் மடக்கக்கூடிய செங்குத்துப் பிடியும் உண்டு. பிரெஞ்சு ஃபமாஸிலும் இழுக்கும் கைப்பிடி மேலேதான், ஆனால் தூக்கிப் பிடிக்கும் நீளக் கைப்பிடியும் வளைவில்லாத மேகசினும் அதைத் தனியாகக் காட்டும். அந்த மேகசின் கொள்வது 25 தோட்டா. கவுண்டர்-ஸ்டிரைக்கில் ஃபமாஸுக்கு ஏன் 25 என்பதற்கும் அதுதான் காரணம்.

அதே பேட்டில்ஃபீல்ட் 4-இல் யூ-100 எம்கே5 என்று வருவதும் நம் ஊர்ச் சரக்குதான், அல்டிமேக்ஸ் 100. இலகு இயந்திரத் துப்பாக்கியாக இருந்தும் தோட்டாப் பட்டை கிடையாது, டிரம் அல்லது மேகசின் மட்டுமே.

ஏகே என்று எழுதியிருப்பதில் பலவும் அதன் மேம்படுத்தப்பட்ட வடிவமான ஏகேஎம்தான். குழல் முனை சாய்வாக வெட்டப்பட்டு, மேல்மூடியில் வரிவரியாக மடிப்பு இருந்தால் ஏகேஎம். முனையில் தடித்த நீள உருளை, மேகசினில் குறைந்த வளைவு என்றால் ஏகே-74. ஏகேஎம்-இன் 7.62 மிமீ தோட்டாவின் உறை முன்பக்கம் அதிகம் குறுகுவதால், அடுக்கினால் வளையும். ஏகே-74-இன் 5.45 மிமீ அவ்வளவு குறுகாது.

இன்னும் சந்தேகமா? மேகசினைக் காலி செய்துவிட்டு ரீலோட் பாருங்கள். எம்4-இல் போல்ட் பின்னாலேயே நிற்கும், இடப்பக்கப் பொத்தானைத் தட்டினால் போதும். ஏகேயில் நிற்காது, வலப்பக்கக் கைப்பிடியை இழுத்தே ஆகவேண்டும். எம்பி5-லும் நிற்காது. அதனால் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து மாட்டி, மேகசின் மாற்றிய பிறகு தட்டி இறக்குகிறார்கள். பார்க்க அழகு என்பதால் அந்தத் தட்டலைத் தோட்டா மிச்சமிருக்கும்போதும் காட்டும் கேம்கள் உண்டு. அப்படிச் செய்தால் குழலில் இருந்த தோட்டா வீணாக வெளியே விழும்.

இவ்வளவும் பொய்த்துப்போகும் இடம் ஒன்று உண்டு. கவுண்டர்-ஸ்டிரைக் 1.6-இல் ஏகேயின் கைப்பிடி இடப்பக்கம் இருக்கும். அப்படி ஒரு ரகம் கிடையாது. இடக்கைக்கு வரைந்த மாடலைக் கண்ணாடிபோலத் திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சைலன்சர் மாட்டிய ரிவால்வர் வந்தாலும் பெரும்பாலும் கற்பனைதான். தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகச் சத்தம் வெளியேறிவிடும். அறைகளை எண்ணிப் பாருங்கள், 7 இருந்தால் 1895 நாகாந்தாக இருக்கலாம். அதில் உருளை முன்னால் நகர்ந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும்.