பாலத்துக்குக் கீழே பாருங்கள்: வாசகர் கேள்விகள்

லாரி போனால் பாலம் அதிர்கிறது. ஆபத்தா? (கரூர் வாசகர்)

அதிரத்தான் செய்யும். ஒரே இடத்தில் 'டக்'கென்று தூக்கிப்போட்டால் அங்கே எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (வெயிலில் தளம் விரிய இடம் விட்டுப் போடும் இணைப்பு) போய்விட்டது என்று பொருள். நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதுங்கள், எனக்கல்ல.

விரிசல் படம் அனுப்பியிருக்கிறேன். இடியுமா? (ஊர் பெயர் இல்லை)

எந்த ஆறு, எந்தத் தூண் என்று எதுவும் இல்லை. படத்தில் பாதி உங்கள் கட்டைவிரல். நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

திருச்சி காவிரிப் பாலத்தை ரப்பர் மாற்றவா ஆறு மாதம் மூடினார்கள்? (ஸ்ரீரங்கம் வாசகர்)

அது வெறும் ரப்பர் இல்லை, பேரிங்; தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் இருந்து தளத்தைத் தாங்குவது. 1976 பாலம். மேல்தளத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால்தான் மாற்ற முடியும். தூக்கிய தளத்தில் பஸ்ஸை ஓட்டச் சொல்கிறீர்களா? 2022 செப்டம்பரில் மூடி 2023 மார்ச்சில் திறந்தார்கள். சுற்றிப் போனது சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரன் கட்டியது நூறு வருஷம் நிற்கிறது, நாம் கட்டுவது ஏன் விழுகிறது? (தஞ்சாவூர் வாசகர்)

மாதம் நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். விழுந்த பழைய பாலங்கள் கண்ணில் படாது, நின்றவை மட்டும்தான் படும். மகாராஷ்டிரத்தில் மகாட் அருகே சாவித்திரி ஆற்றில் இருந்ததும் வெள்ளைக்காரன் பாலம்தான். 2016 ஆகஸ்டில் இரவு வெள்ளத்தில் போனது, இரண்டு அரசுப் பேருந்துகளோடு. உங்கள் பக்கத்திலேயே கொள்ளிடம் பழைய பாலம், 1928இல் கட்டியது, 2018 வெள்ளத்தில் தூண் சாய்ந்து விழுந்தது. பக்கத்தில் புதுப் பாலம் வந்து வண்டிகள் மாறியிருந்ததால் உயிர்கள் தப்பின. குஜராத் கம்பீரா பாலம் நாம் கட்டியது, வயது நாற்பதுதான். 2025 ஜூலையில் விழுந்து குறைந்தது இருபது பேர் இறந்தார்கள். ஒரு டேங்கர் லாரி விளிம்பில் வாரக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆக, கட்டியவன் யார் என்பதில் விஷயமில்லை. கட்டிய பிறகு பார்த்தோமா என்பதில்தான் இருக்கிறது. நாம் தளத்துக்கு மேல் தார், அதற்கு மேல் தார் என்று போட்டுப் பாரத்தை ஏற்றுகிறோம். கீழே மணலை அள்ளிவிட்டு, தூணின் அடித்தளம் வெளியே தெரிந்தால் 'ஆறு ஆழமாகிவிட்டது' என்கிறோம். திரும்பவும் சொல்கிறேன்: பாலத்தைக் கீழே போய்ப் பாருங்கள். கோடையில், வெள்ளம் வருவதற்கு முன்னால்.

தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீர்தான். காரில் போகலாமா? (கடலூர் வாசகர்)

கூடாது. ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் கார் மிதக்கும். போன மாதமும் எழுதினேன்.

'10 டன்' பலகை இருக்கிறது. என் வண்டி 6 டன்தான், போகலாமே? (நாமக்கல் வாசகர்)

சரக்கோடா, சரக்கில்லாமலா?