ஒரே ஆண்டில் குளிர்கால, கோடைக்கால ஒலிம்பிக் இரண்டிலும் ஆடிய பழைய ஸ்வீடன் கால்பந்து வீரர் யார்?

ஸ்வென் பெர்க்விஸ்ட் (1914–1996). ஸ்டாக்ஹோம் மக்களுக்கு அவர் 'ஸ்வென்னே பெர்க்கா'. 1936 பிப்ரவரியில் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில் ஐஸ் ஹாக்கி ஆடினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்லினில் கால்பந்து அணியின் கோல்கீப்பராக நின்றார்.

அந்த பெர்லின் ஆட்டத்தை ஸ்வீடனில் இன்றும் பேசுகிறார்கள். எதிரணி ஜப்பான். இடைவேளையில் ஸ்வீடன் 2-0 என முன்னிலை. அப்புறம் ஜப்பான் மூன்று கோல் போட்டு 3-2 என்று ஜெயித்தது. வானொலி வர்ணனையாளர் ஸ்வென் யெரிங், ஜப்பானியர் எங்கு பார்த்தாலும் இருப்பதுபோல "ஜப்பானர், ஜப்பானர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது அந்நாட்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தோல்வியை மட்டும் வைத்து பெர்க்விஸ்ட்டை எடை போடுவது நியாயமே இல்லை. தேசியக் கால்பந்து அணிக்காக 30-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர் அவர்.

சரி, ஒருவரால் இத்தனை விளையாட்டு எப்படி முடிந்தது? அங்கே கோடையில் கால்பந்து, குளிர்காலத்தில் பாண்டி. பாண்டி என்பது கால்பந்து மைதானம் அளவுள்ள பனித்தளத்தில், பக்கத்துக்குப் பதினொரு பேர் வளைந்த மட்டையால் பந்தை அடித்து ஆடுவது. 1920-இல் ஐஸ் ஹாக்கி ஸ்வீடனுக்குள் வந்தபோது, முதலில் ஆடியவர்களில் பலர் பாண்டிக்காரர்கள்தான். பெர்க்விஸ்ட் இந்த மூன்றிலுமே நாட்டுக்காக ஆடினார். ஐஸ் ஹாக்கியில் அவருடைய கிளப், ஸ்டாக்ஹோமின் ஹம்மர்பி.