தாழி நெல்லுக்கு வயது சொல்வது எப்படி?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் (இறந்தோரைப் புதைத்த பெரிய மண்பானையில்) கிடைத்த நெல்லுக்கு 3,200 வயது என்று 2021-ல் அறிவித்தார்களே, எப்படிக் கணக்கிட்டார்கள்? எங்கள் தேரிக்காட்டில் தாழி தட்டுப்பட்டால் உள்ளே இருக்கும் கரியை எடுத்து அனுப்பலாமா?
– ஒரு விவசாயி, ஸ்ரீவைகுண்டம்

பதில்: பயிர் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14 என்ற, தானே சிதையும் கார்பன் வகை ஏறிக்கொண்டே இருக்கும். அறுத்தபின் அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 3,200 ஆண்டு நெல்லில் நூற்றுக்கு 68 பங்குதான் மிஞ்சும். இப்போதைய கருவியில் ஒரு மணியே போதும். கிடைக்கும் எண்ணை வயது தெரிந்த மரங்களின் வளையக் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆண்டு சொல்வார்கள்.

மரக்கரியைவிட நெல் மேல். நெல் ஒரு பூவில், அதாவது ஒரே சாகுபடிப் பருவத்தில் விளைந்தது. மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையோ, வெட்டுவதற்கு நூறு வருடம் முந்தியதாகவும் இருக்கலாம்.

கெடுவது பெரும்பாலும் எடுக்கும் விதத்தில்தான். கழுவிய எஃகு இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் மடிக்க வேண்டும். பஞ்சு, காகிதம், பசை ஆகவே ஆகாது. நூற்றில் ஒரு பங்கு இன்றைய கார்பன் கலந்தாலே சுமார் 35 ஆண்டு குறைத்துக் காட்டும். உடைமுள் வேர் தாழிக்குள் இறங்கியிருந்தால் வினைதான். ஆய்வகத்தில் அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவுவது சுண்ணாம்பையும் மட்கையும் நீக்கத்தான்.

ஆனால் நீங்கள் எடுக்க வேண்டாம். எந்த ஆழம், எந்த மண்ணடுக்கு என்ற குறிப்பு இல்லாத கரி வெறும் கரிதான். மண்வெட்டியை நிறுத்தி, தாழியின் வாயைத் திறக்காமல் அப்படியே மூடி வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டமும் தகவல் தரச் சொல்கிறது.