டிராக்டர் எஞ்சின் ஜீப்பில் ஏறுமா?

கேள்வி: தாத்தா வாங்கிய பழைய மகேந்திரா பெட்ரோல் ஜீப் பிக்கப் ஒன்று தோப்பில் நிற்கிறது. எஞ்சின் ஜாம். பக்கத்திலேயே பி-275 டிராக்டர்; அதில் கியர்பாக்ஸ் போய்விட்டது, எஞ்சின் மட்டும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது. அந்த எஞ்சினை ஜீப்பில் வைத்துத் தேங்காய் ஏற்றி 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள சந்தைக்குப் போக முடியுமா? டீசல் என்பதால் செலவும் குறையும், இழுவையும் கூடும் என்கிறார் எங்கள் மெக்கானிக்.

பதில்: வைக்கலாம், ஓடவும் ஓடும். செலவு குறையும் என்பதில் உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. இழுவை கூடும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் ஜீப்பில் இருப்பது ‘ஹரிகேன்’ எஞ்சினாக இருந்தால் அது 2199 சிசி, நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஏறத்தாழ 75 குதிரைத்திறன். பி-275 இங்கிலாந்தில் பிறந்த டிராக்டர். மகேந்திராவும் வோல்டாஸும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் 1963இல் தொடங்கிய கூட்டு நிறுவனம் வழியாக நம் ஊருக்கு வந்தது. அதன் எஞ்சின் சுமார் 2350 சிசி, 35 குதிரைத்திறன், அதுவும் 2000 சுற்றுக்குள். சுழற்றும் பலமான முறுக்குவிசையைக் கணக்குப் போட்டால் 2000 சுற்றில் 125 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் வருகிறது. பெட்ரோல் எஞ்சினின் உச்சமோ 150ஐத் தாண்டும். டிராக்டர் கலப்பையை இழுப்பது எஞ்சினின் பலத்தால் மட்டுமல்ல; பின்னால் இருக்கும் பல் சக்கரங்கள் வேகத்தைப் பல மடங்கு குறைத்து, அதையே இழுவையாக மாற்றிக் கொடுக்கின்றன. அந்தப் பெட்டியைத்தான் நீங்கள் பழைய இரும்புக்குப் போடப்போகிறீர்கள்.

அதனால் எஞ்சினைத் தொடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஜீப்பின் பின்பக்கம் இரண்டு சக்கரமும் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக ஒரு சுற்று சுற்றும்போது, பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் இது 5.38. உங்களுடையதும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போல உருளும். டாப் கியரில் எஞ்சின் 2000 சுற்று ஓடினால் வண்டியின் வேகம் மணிக்கு 49 கி.மீ. பெட்ரோல் எஞ்சின் 4000 தொடும்போது இதே வண்டி 98 போகும்.

49 போதும் என்றால் பிரச்சினையே இல்லை. 12 கிலோமீட்டருக்கு நீங்கள் நிதானமாகவே போகலாம், பின்னால் வருகிற பஸ்காரர்தான் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார். போதாது என்றால் அந்த 5.38 விகிதத்தைத் தருகிற, ஆக்சிலுக்குள் இருக்கும் பல் சக்கர ஜோடியை (கிரவுன் பினியன்) மாற்ற வேண்டும். 3.73 கிடைத்தால் அதே 2000 சுற்றில் ஏறத்தாழ 71 கி.மீ. வரும். நாலு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும் என்பதால் செலவு இரட்டிப்பாகும். விகிதம் குறைந்தால் முதல் கியரில் சுமையோடு கிளம்பும்போது கிளட்ச் கூடுதலாகத் தேயும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

சிலர் குறுக்கு வழி சொல்வார்கள்: ‘டீசல் பம்ப் கடையில், வேகத்துக்கு வரம்பு போடுகிற கவர்னரைத் தளர்த்தினால் 3000 போகும்.’ போகும்தான். ஆனால் அந்தப் பிஸ்டன், வால்வு ஸ்பிரிங், ஃபிளைவீல் (எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரம்) எதுவும் அந்த ஓட்டத்துக்குச் செய்ததல்ல. வார்ப்பிரும்பு ஃபிளைவீல் அதிவேகத்தில் வெடித்தால் உங்கள் காலுக்கு மேல் இருக்கும் தகரம் அதைத் தடுக்காது. கவர்னர் சீலில் கைவைக்காதீர்கள்.

இனி பட்டறை வேலை. கடினமான இடம் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். டிராக்டர் எஞ்சினின் பின்முகத்துக்கும் ஜீப்பில் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கும் துளைகள் பொருந்தாது. நடுவில் தடிமனான எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பிளேட் ஒன்றை லேத்தில் கடைந்து வைக்க வேண்டும். துளை பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் ஆறு மாதத்தில் கியர்பாக்ஸ் பேரிங்கோடு திரும்பி வருகிறார்கள். எஞ்சினின் கிராங்க் தண்டின் மையமும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஃபிளைவீலில் டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் அளவுக் கருவி) மாட்டி ஹவுசிங் துளையைச் சுற்றிப் பார்த்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் கொண்டுவாருங்கள். டயல் கேஜ் இல்லாத பட்டறைக்கு இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கும் புதிதாக ஒன்று கடைந்து போட வேண்டிவரும்.

பல டிராக்டர்களில் எஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. அதனால் அடியில் ஆயில் நிற்கும் சம்ப் கனத்த வார்ப்பாக இருக்கும், ரப்பர் மவுண்டிங்குக்கு இடமே இருக்காது. ஜீப்பில் அந்த சம்ப் முன் ஆக்சிலில் இடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். கமான் பட்டை ஒன்று கூட்ட வேண்டியிருக்கலாம். எடை முன்னால் ஏறுவதால் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் அப்படியே விடக் கூடாது. பேட்டரி பெரிதாக வேண்டும். வைப்பர் எஞ்சினின் உறிஞ்சு விசையில் (மேனிஃபோல்ட் வேக்குவம்) ஓடுகிற பழைய ரகமாக இருந்தால் மழைக்கு முன் எலெக்ட்ரிக் வைப்பர் போட்டுவிடுங்கள்; டீசலில் அந்த உறிஞ்சு கிடைக்காது.

ஆக்சிலரேட்டர் விஷயத்தில் கவனக்குறைவு கூடவே கூடாது. டிராக்டரின் கை லிவர் வைத்த இடத்தில் நிற்கும். சாலை வண்டியில் காலை எடுத்த கணமே அது கீழே வர வேண்டும். பம்ப் லிவரில் ஒன்றுக்கு இரண்டாக ரிட்டர்ன் ஸ்பிரிங், டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள், இரண்டும் இல்லாமல் சோதனை ஓட்டம்கூட வேண்டாம். கனமான ஃபிளைவீலால் சுற்று மெதுவாகத்தான் இறங்கும். கியர் மாற்றும்போது ஒரு மூச்சு பொறுத்துப் போடப் பழகிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு படித்தும் ஆசை விடவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஒரு காலத்தில் மகேந்திராவே இந்த டிராக்டர் எஞ்சின் குடும்பத்திலிருந்து எம்.டி. 2350 என்ற டீசல் எஞ்சினை ஜீப்புகளில் போட்டது. பழைய வண்டி உடைக்கும் கடைகளில் அந்த ஜீப்பின் பெல் ஹவுசிங், ஃபிளைவீல், சம்ப், மவுண்டிங் எல்லாம் ஒரே செட்டாகக் கிடைத்தால், உங்கள் டிராக்டர் எஞ்சினோடு எது எது பொருந்துகிறது என்று பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். முழு எஞ்சினே கிடைத்தால் டிராக்டரைத் தொடவே வேண்டாம்.

சாலையில் ஓட்டுவதானால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதற்குக் கண்டிப்பாகவே பொருள் கொண்டது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பின், மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எஞ்சின் எண், எரிபொருள் இரண்டுமே ஆர்.சி.யில் மாறுகிறது. எம்.டி. 2350 என்றால் ‘கம்பெனியே போட்ட எஞ்சின்’ என்று பேச ஒரு பிடி இருக்கிறது. அனுமதி கிடைத்தே தீரும் என்று நான் சொல்லமாட்டேன். அனுமதி இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும். எஞ்சின் போன டிராக்டரின் ஆர்.சி.யையும் அப்படியே விட்டுவிட முடியாது.

கடைசியாக, ஜாம் ஆன அந்தப் பெட்ரோல் எஞ்சின். பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் துருப்பிடித்துச் சிலிண்டரில் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் இருக்கும் பல நேரம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, துளைக்கு ஒரு சின்ன டம்ளர் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி நாலைந்து நாள் விடுங்கள். பிறகு முன்னால் கைப்பிடி போட்டு, பலம் காட்டாமல் இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால், சம்ப் ஆயிலை மாற்றிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.