ஒரே செடியில் ஊதா, வெள்ளை எனப் பல நிறப் பூக்கள்: இது என்ன செடி?

ஆளுயரப் புதரில், ஒரே கிளையிலேயே கரு ஊதா, வெளிர் ஊதா, வெள்ளை ஆகிய நிறங்களில் பூக்கள் கலந்திருந்ததாக நீங்கள் கூறுவதைப் பார்த்தால், அது பெரும்பாலும் புருன்பெல்சியாவாகத்தான் இருக்கும். நர்சரிகளில் ‘எஸ்டர்டே, டுடே, டுமாரோ’ என்று கேட்டால் கிடைப்பது இதுதான்.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி, கத்தரியும் ஊமத்தையும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. பூ ஊதாவாக மலர்ந்து, ஏறக்குறைய 3 நாட்களுக்குள் நிறமி சிதைவதால் வெளிறி வெள்ளையாகிவிடுகிறது. எனவே நீங்கள் கண்டவை வெவ்வேறு வகைப் பூக்களல்ல, வெவ்வேறு வயதுப் பூக்களே.

நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், பூவொன்றை அருகில் வைத்துப் பாருங்கள். குறுகிய குழல் ஒன்று, 5 மடல்களாகத் தட்டையாக விரிந்திருக்கும். நடுவில் குழலின் வாயைச் சுற்றி ஒரு சிறு வெண்வளையம் தெரியும். இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி அமைந்து, மேற்புறம் கரும்பச்சையாகவும் அடிப்புறம் சற்று வெளிறியும் காணப்படும். மாறாக, இலைகள் எதிரெதிராகவும் தொட்டால் சொரசொரப்பாகவும் இருந்து, கசக்கினால் நெடியடித்தால், அது உண்ணிச்செடி. அதன் ஒவ்வொரு பூவும் மிகச் சிறியது என்பதால் குழப்பம் நேர வாய்ப்புக் குறைவு.

நறுமணம் இனத்துக்கு இனம் வேறுபடும் என்பதால், மணம் இல்லை என்பதற்காக இதை ஒதுக்கிவிட வேண்டாம். வீட்டில் வளர்க்க எண்ணினால் ஓர் எச்சரிக்கை: இதன் காய்களும் விதைகளும் நஞ்சுள்ளவை, குறிப்பாக நாய்களுக்கு உயிராபத்தை விளைவிக்கக் கூடியவை.