கிடைத்த கல்லைக் கொண்டே சுவர்: நிலவடிவமைப்பில் ரோபோக்கள் குறித்த கேள்வி பதில்

நிலவடிவமைப்பு மாணவி: கணினியில் வரைந்ததை இயந்திரம் செய்து முடிப்பது நெடுநாளாக நடப்பதுதானே? நிலத்தில் ரோபோ புதிதாக என்ன செய்கிறது?

செங்கல் ஒரே அளவில் வரும். நிலத்தில் கிடைக்கும் கற்களோ ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை என்பதால், முடிந்த வரைபடத்தை முன்னதாகவே இயந்திரத்திடம் கொடுத்துவிட இயலாது. சூரிச் நகரை அடுத்த ஓபர்கிளாட்டில், ஈ.டி.எச். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஹீப்' என்னும் 12 டன் தானியங்கிப் பொக்லைனைக் கொண்டு 6 மீட்டர் உயரமும் 65 மீட்டர் நீளமும் உள்ள, மண் சரியாமல் தடுக்கும் தாங்குசுவரைச் சாந்தே இல்லாமல் எழுப்பினார்கள். பாறைகளோடு பழைய கான்கிரீட் துண்டுகளும் அதில் அடுக்கப்பட்டன. கிடைத்த பொருளிலிருந்தே வடிவம் பிறப்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கட்டுமானப் பொறியாளர்: ஒரு கல்லை எங்கே வைப்பதென்று அது எப்படி முடிவு செய்கிறது?

லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் கருவியால் களத்தை முப்பரிமாணத்தில் அளந்து, கல்லைக் கவ்வித் தூக்கி, அதன் உருவத்தையும் தோராயமான எடையையும் ஈர்ப்பு மையத்தையும் முதலில் அறிந்துகொள்கிறது. பிறகு, அதுவரை எழுந்திருக்கும் சுவரின் மேல் அந்தக் கல் எந்த இடத்தில், எந்தப் பக்கமாகக் கிடந்தால் ஆடாமல் அமரும் என்பதை நிரல் கணக்கிடுகிறது. வைத்த கல் கணக்கிட்ட இடத்திலிருந்து சற்றே நகர்ந்து அமரக்கூடும்; ஆகவே சுவரை மீண்டும் அளந்து, உள்ளது உள்ளபடியே அடுத்த கணக்கைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு லோடில் வரும் 20 முதல் 30 கற்களை இவ்வாறு ஒரே மூச்சில் அடுக்கிவிடுகிறது.

தோட்ட ஒப்பந்ததாரர்: சிமென்ட் இல்லாத சுவர் மழைக்குத் தாங்குமா?

கல்லிடுக்குகள் வழியே நீர் வடிந்துவிடுவதால், சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி அழுத்துவதில்லை. ஒழுங்காக அடுக்கிய கல்லுக்கு அதன் எடையே பிடிப்பு.

மற்றொரு வாசகர்: மண்வேலைக்கும் இது பயன்படுமா?

நிச்சயமாகப் பயன்படும். ஓபர்கிளாட்டில் சுவரைச் சுற்றியுள்ள நிலத்தையும் அதே இயந்திரமே வெட்டி உருவாக்கியது. வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும் சமமாகும்படி மேடு பள்ளங்களைக் கணினியில் மாற்றிப் பார்த்துக்கொண்டால், லாரிகளில் மண்ணை வெளியேற்றுவதும் கொண்டுவருவதும் பெருமளவு குறையும்.

அதே மாணவி: அப்படியானால் வடிவமைப்பாளருக்கு மிஞ்சுவது என்ன?

சுவர் எந்தக் கோட்டில் வளைய வேண்டும், எவ்வளவு சாய வேண்டும், அதன் முகம் எவ்வளவு சீராகத் தெரிய வேண்டும் என்பவற்றை அவரே வரையறுக்கிறார். நிரல் அந்த வரம்புக்குள்தான் கல்லைத் தேடுகிறது. இரு கற்கள் சேரும் மூட்டுக்கு நேர்மேலே இன்னொரு மூட்டு வரக்கூடாது என்பது போன்ற கொத்தனார் விதிகளையும் யாராவது நிரலுக்குள் எழுதித்தான் ஆகவேண்டும். ஆகவே நிரலாக்கம் படிப்பதோடு, கல்கட்டு வேலை நடக்கும் இடத்திலும் சில காலம் பழகுங்கள்.